உங்களுக்குத் தெரியுமா? வெங்காயச் சத்தைக் கவ்வும் வெள்ளைப் பொடி

சூயிங்கம்மின் பளீர் வெள்ளை, மாத்திரையின் மேல்பூச்சு, டூத்பேஸ்ட், சன்ஸ்கிரீன் என்று பல இடங்களில் ஒளிந்திருப்பது ஒரே பொடிதான்: டைட்டானியம் டை ஆக்சைடு. உணவில் இதற்குச் சத்தும் இல்லை, ருசியும் இல்லை. வெள்ளையடிக்கிற வேலை மட்டும்தான். உணவுக்கான பொடியிலும் ஒரு பகுதி 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள். நம் தலைமுடியின் பருமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்!

வெங்காயத்தில் இருக்கும் குவெர்செட்டின், தேநீரில் இருக்கும் கேட்டசின் இரண்டும் பேர்பெற்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள். இவற்றின் மூலக்கூறில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இரண்டு 'கொக்கிகள்' பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்குவதில் இந்த ஜோடிக்குப் பெரிய பங்கு உண்டு. வம்பு என்னவென்றால், டைட்டானியத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்வதும் இதே ஜோடிதான். ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: குவெர்செட்டின் கரைசலில் போட்ட வெள்ளைப் பொடி மஞ்சள், ஆரஞ்சு என்று நிறம் மாறிவிடும். பொடி நுண்மையாக ஆக ஆக மேற்பரப்பு பெருகும். ஒட்ட இடமும் பெருகும்.

இது குடுவைக்குள் நடப்பது. வயிற்றில் அமிலம், புரதம் என்று கூட்டம் அதிகம். புரதங்களும் இந்தத் துகள்களை மூடிக்கொள்ளும். அதனால் குடுவையில் நடப்பதே வயிற்றிலும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

பிரான்ஸ் 2020இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2022இலும் உணவில் இந்தப் பொடியைத் தடை செய்தன. ஒன்றியம் சொன்ன காரணம் வேறு: மரபணுவுக்குச் சேதம் வராது என்று உறுதி சொல்ல முடியவில்லை. நம் ஊர்ப் பாக்கெட்டுகளில் இதன் எண் 171.