கணக்கேடுகளில் ஓர் உழவர் குடும்பம்

அடிமைகளாயிருந்த மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு முதற்கண் நேரும் இடர், அவர்தம் பெயர்கள் கிட்டாமையே. செல்வர்க்குக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் உள. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மண்ணை உழுது வாழ்ந்த கறுப்பின மக்களுக்கோ, பெரும்பாலும் எஞ்சியிருப்பன அரசாங்கத்தார் பத்தாண்டிற்கு ஒருமுறை எடுத்த குடிக்கணக்கு ஏடுகளே. அவ்வேடுகளினின்று ஒரு குடும்பத்தை எங்ஙனம் தேடிக் காணலாம் என்பதை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றேன்.

அந்நாட்டின் முதற் குடிக்கணக்கு 1790ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்றது. மாகாணங்களின் பிரதிநிதிகளைப் பங்கிடுதற்கே அஃது ஏற்பட்டதாகலின், அடிமைகள் ஐவரை மூவராகக் கொண்டு கணக்கிட்டனர். 1840 வரையில் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினர்; ஏனையோர் வயதுக் கட்டங்களில் வெறும் எண்களாக நின்றனர். 1850இல் சுதந்தரமுடையோர் அனைவரும் பெயர், வயது, நிறம், தொழில், பிறந்த மாகாணம் ஆகியவற்றுடன் எழுதப்பெற்றனர். அடிமைகட்கோ தனி அட்டவணை. அதில் உடையவன் பெயர் மேலே நிற்கும். கீழே வயதும் பாலும் நிறமுமே காணப்படும். 1860இலும் அவ்வாறே.

ஆதலின் ஆராய்வோர் காலத்திற் பின்னோக்கியே செல்லல் வேண்டும். 1900ஆம் ஆண்டுக் கணக்குப் பிறந்த மாதத்தையும் ஆண்டையும், தாய் பெற்ற மக்கள் எத்துணையர், உயிருடனிருப்போர் எத்துணையர் என்பதையும் கூறும். அதற்கு முந்திய 1890ஆம் ஆண்டு ஏடுகள் 1921இல் வாஷிங்டன் நகரில் நேர்ந்த தீயினால் பெரும்பாலும் கெட்டன. எஞ்சியவற்றையும் பின்னர் அழித்துவிட்டனர். 1880க்குப் பின் பிறந்து 1900க்கு முன் வீட்டைவிட்டகன்ற ஒரு மகனைப் பெற்றோருடன் சேர்த்துக் காட்டும் கூட்டரசின் குடிக்கணக்கு இதனால் இல்லாமற்போயிற்று. 1880இல்தான் தலைவர்க்கு ஒவ்வொருவரும் என்ன உறவினர் என முதன்முதல் எழுதினர். 1870ஆம் ஆண்டுக் கணக்கு விடுதலையான மக்கள் அனைவரையும் பெயர் சொல்லி அழைத்த முதற் கணக்காகும். அதற்கு அப்பாற் செல்லுதல் அரிது. பழைய எசமானின் குலப்பெயரையே அவர்கள் பூண்டனர் என்று கொள்வது பெரும் பிழையாகும். பலர் வேறு பெயர் தெரிந்துகொண்டனர்.

இனி, ஒரு குடும்பத்தைக் காண்போம். பிராங்க் என்பார் 1777இல் தென் கரோலைனாவில் அடிமையாய்ப் பிறந்து, கென்டக்கியிலுள்ள புலாஸ்கி கவுண்டிக்குக் கொண்டுவரப்பட்டார். எசமானின் நிலத்தில் உழைத்தபின் எஞ்சிய பொழுதில் வெடியுப்புக் காய்ச்சிப் பொருளீட்டினார். 1817இல் 800 டாலர் கொடுத்து மனைவி லூசியை மீட்டார். தம்மை மீட்டது 1819இல், அதற்கும் 800 டாலர். மனைவியை முன்னே மீட்டதற்குக் காரணம் உண்டு. அந்நாட்டுச் சட்டத்தில் குழந்தை தாயின் நிலையையே எய்தும். அப்பொழுது லூசி கருவுற்றிருந்தார். பிறந்த மகன் சுதந்தரனாகப் பிறந்தான். அவனுக்கு மூத்தோர் அடிமைகளாகவே இருந்தனர்.

இச்செய்தியை மனத்திற்கொண்டு 1820ஆம் ஆண்டு ஏட்டை நோக்குக. ஒரே தாய்வயிற்று மக்களுள் இளையோன் தந்தையின் பெயர்க்கீழ்ச் சுதந்தரக் கட்டத்தில் நிற்றற்குரியன். மூத்தோர் பிறனொருவன் பெயர்க்கீழ் அடிமைக் கட்டத்தில் நிற்றற்குரியர். தமையனும் தம்பியும் என்று அவ்வேடு எவ்விடத்தும் சொல்லாது. விலைச்சீட்டும் விடுதலைப் பத்திரமும் பதிந்த கவுண்டிப் பத்திர ஏடுகளை உடன்வைத்துப் பார்த்தாலன்றி அவ்வுறவு புலப்படாது.

பிராங்க் தம் குடும்பத்துடன் இல்லினாய் மாகாணத்துப் பைக் கவுண்டியில் 1831இல் குடியேறி நிலந்திருத்தினார். 1836இல் அங்கே நியூ பிலடெல்பியா என்னும் ஊரை மனைகளாக அளந்து பதிவுசெய்தார். கறுப்பினத்தவரொருவர் ஓர் ஊரை இங்ஙனம் வகுத்து விற்றது அந்நாட்டில் அதுவே முதன்முறை. அடுத்த ஆண்டு மாகாணச் சட்டசபை அவர்க்கு மெக்வோர்ட்டர் என்னும் குலப்பெயரைச் சட்டத்தாற் கொடுத்தது. தேடுவோர் இவ்விடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும். 1837க்கு முன் அப்பெயரால் அவரைத் தேடினால் காணார். 1840ஆம் ஆண்டிலோ, அறுபத்துமூன்று வயதினராகிய அவர் 'ஐம்பத்தைந்து முதல் நூறு வரை' என்னும் கட்டத்துள் அமைதல் வேண்டும். நாற்பத்தைந்து ஆண்டுகளை ஒரே கட்டத்துள் அடைத்த அக்கணக்கை நம்பி ஒருவர் வயதை உறுதிசெய்தல் ஆகாது.

1850ஆம் ஆண்டே இவ்வரலாற்றில் என் நெஞ்சைத் தொட்டது. இல்லினாய் ஏட்டில் இக்குடும்பத்தார் பெயருடையோர். கென்டக்கியில் இன்னும் மீட்கப்படாத பேரப்பிள்ளைகளோ, அவ்வாண்டின் அடிமை அட்டவணையில் வயதும் பாலும் நிறமுமே உடையோர். ஒரு குடும்பம், இரண்டு ஏடுகள். பிராங்க் 1854இல் இறந்தார். எஞ்சிய பேரரை மீட்கத் தம் மரணசாசனத்தில் வழிசெய்திருந்தார். தம்மையும் உள்ளிட்டு அவர் முயற்சியால் விடுதலை பெற்றோர் பதினறுவர் எனவும், செலவான பொருள் ஏறத்தாழ 14,000 டாலர் எனவும் கணக்கிட்டுள்ளனர்.

உழவர் குடும்பமாதலின் இன்னுமோர் ஏடும் பயன்படும். 1850 முதல் 1880 வரை எடுத்த வேளாண்மை அட்டவணைகளில் திருந்திய நிலம், திருந்தா நிலம், பண்ணையின் விலை, குதிரை, கறவைப்பசு, பன்றி, விளைந்த சோளம், கோதுமை, கடைந்தெடுத்த வெண்ணெய் வரையில் எழுதப்பட்டுள்ளன. ஆனால் அவற்றில் நிறத்திற்கெனக் கட்டம் இல்லை. குடிக்கணக்கிலுள்ள பெயரோடும் ஊரோடும் ஒத்துப்பார்த்தே இன்னார் பண்ணையென்று துணிதல் வேண்டும். சிறு பண்ணைகளுள் பல அவ்வட்டவணைகளிற் சேர்க்கப்படவேயில்லை. பெயர் காணாமையால் நிலமில்லை என்று முடிவுகட்டலாகாது.

பிராங்கின் வழித்தோன்றலாகிய ஜூலியட் வாக்கர் என்னும் வரலாற்றுப் பேராசிரியை, இத்தகைய ஏடுகளையும் குடும்பத்தார் காத்துவைத்த பத்திரங்களையும் ஒருங்கே ஆராய்ந்து 1983இல் அவர் வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1869இல் இருப்புப்பாதை ஊரை விலக்கிச் சென்றமையால் நியூ பிலடெல்பியா தேய்ந்து மீண்டும் வயலாயிற்று. 2022இல் அவ்வூர் நிலம் தேசிய வரலாற்றுத் தலமாக அமைக்கப்பெற்றது.