கிடாரின் கழுத்து ஏன் வளைகிறது?

நீலகிரியின் ஜெகதளாவில் காலையில் மூடுபனி, மதியம் சுள்ளென்று வெயில். எலெக்ட்ரிக் கிடாரின் கழுத்துக்கு இது சோதனை. மரம் ஈரத்தை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். போதாததற்கு ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ பாரத்துக்கு இணையாக இழுக்கின்றன. இதைச் சமாளிக்கத்தான் கழுத்துக்குள் ட்ரஸ் ராடு என்ற எஃகுத் தண்டு.

வளைவைத் தாங்குவதில் கழுத்தின் வடிவத்துக்கும் பங்குண்டு. கழுத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் முதுகுப்புறம் 'சி', 'யு', 'வி' எழுத்துகளைப் போல் தெரியும். 'சி' பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும், 'யு' தடிமனானது, 'வி' கட்டைவிரல் ஊன்ற வசதியானது. தடிமன் 10 சதவீதம் கூடினால் விறைப்பு ஏறக்குறைய 33 சதவீதம் கூடும். விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது என்பதே காரணம்.

கழுத்தை உடலோடு சேர்க்கும் இணைப்பு மூன்று வகை. 1950இல் ஃபெண்டர் கழுத்தைத் திருகாணியால் பொருத்தியது: கழற்றி மாற்றுவது எளிது. 1952இல் வந்த கிப்சன் லெஸ் பால் கிடாரில் கழுத்து பசையால் ஒட்டப்பட்டது. மூன்றாவதில் கழுத்து மரமே உடலின் நடுவாக ஓடும்: மேல் கட்டைகளை விரல் தடையின்றி எட்டும், பழுதானால் சரிசெய்வது கடினம்.

கழுத்தின் மேல் அமையும் விரல் பலகைக்கு உலகம் தேடும் ஈட்டி மரமோ இதே நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் வளர்கிறது!