காமன் கூத்தும் இணையப் பேழையும்

ஏட்டில் எழுதப்பெற்ற இலக்கியத்தைப் பேணும் நெறி தமிழறிஞர்க்குப் புதியதன்று. பல பிரதிகளைத் தேடித் தொகுத்து, பாடபேதங்களை ஒப்புநோக்கி, திருந்திய பதிப்பொன்றினை வெளியிடுதல் அந்நெறியாகும். ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் சென்ற வழி அதுவே. ஆயின், ஆடுவோர் உடலிலும் பாடுவோர் நாவிலும் வாழ்ந்து, ஆண்டுதோறும் புதிதாய்ப் பிறக்கும் கலையொன்றிற்கு மூலபாடம் யாது? மலையகத் தோட்டங்களிலே ஆடப்படும் காமன் கூத்தினை இணையத்தளத்தில் தொகுத்துவைக்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா இதுவேயாம்.

காமன் கூத்தின் கதை யாவரும் அறிந்தது. சிவனது தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுகின்றான். இரதி புலம்பி வேண்ட, அவள் கண்ணுக்கு மட்டும் புலனாகுமாறு உயிர்பெறுகின்றான். கச்சியப்பர் கந்தபுராணத்திலே காமதகனப் படலமாகப் பாடிய செய்தி இது. ஆயினும் தோட்டத்துக் கூத்து புராணத்தைப் படித்து ஆடப்படுவதன்று. மாசி மாதத்து அமாவாசை கழிந்தபின் கம்பம் நட்டுத் தொடங்கி, பல நாள் இரவில் லயந்தோறும் சென்று ஆடி, தகனத்தோடு நிறைவுறுவது அது. வேடமேற்போர் விரதம் பூணுவர். வழக்கமாக ஆடவரே இரதி வேடமும் புனைவர். தூதன், வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி எனப் பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. இவை யாவற்றையும் நடத்துபவர் கூத்து வாத்தியார். கதையின் போக்கு அவர் நெஞ்சில் உள்ளது. அன்றிரவு எவ்விடத்தில் நீட்டுவது, எவ்விடத்தில் சுருக்குவது என்பதை அவரும், தப்படிப்போரும், சூழ நிற்கும் மக்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றனர். முன்னாளில் விடியற்காலையிற் பிரட்டுக்கு ஆட்களை எழுப்பிய தப்பே இரவிலே காமனையும் எழுப்பியது என்பது எண்ணத்தக்கது.

இத்தகைய கூட்டுக் கதையாக்கம் உலகிற் பிறிதோரிடத்திலும் வேறோர் உருவில் உண்டு. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டினை வெளியிட்டனர். சிலர் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்க, நடத்துநர் ஒருவர் கதைக்களத்தை விரிக்க, பகடை உருட்டி அவ்வப்போது நேர்வதைத் துணிந்து, மாதக்கணக்கில் ஒரே கதையை வளர்த்துச் செல்வது அவ்விளையாட்டு. ஆடி முடிந்ததும் காற்றோடு போகும் அக்கதைகளை அன்பர்கள் எழுதிவைக்கத் தொடங்கினர். யப்பானில் 1986இல் சஞ்சிகையொன்றில் வெளிவந்த அத்தகைய ஆட்டப் பதிவிலிருந்தே லொடோஸ் தீவுப் போர் பற்றிய புகழ்பெற்ற நாவல்கள் தோன்றின. 2015இல் இணையவழி ஒளிபரப்பாகத் தொடங்கிய கிரிட்டிக்கல் ரோல் என்னும் ஆட்டத்தின் உரையாடலை அன்பர்களே கூடி எழுத்தில் வடித்தனர். நேர்த்திக்கடனாக ஆடப்படும் கூத்தினைப் பொழுதுபோக்கு விளையாட்டோடு சமன்செய்தல் தகாது. எனினும் கூத்து வாத்தியாரின் தொழிலும் மேசை நடத்துநரின் தொழிலும் ஒன்றையொன்று ஒத்திருத்தலை மறுத்தற்கில்லை. அன்பர்களின் தளங்களிற் கற்கத்தக்கது ஒன்றுண்டு. கதையின் சுருக்கத்தை மட்டும் அவர்கள் எழுதிவைப்பதில்லை. எந்நாள், யார் யார் ஆடினர், எவர் எப்பாத்திரம், அன்று என்ன நேர்ந்தது என ஒவ்வோர் அமர்வையும் தனித்தனியே பதிகின்றனர்.

காமன் கூத்துப் பேழைக்கும் அலகாகக் கொள்ளத்தக்கது கதையன்று. ஓர் இரவின் ஆட்டமே. இன்ன தோட்டம், இன்ன பிரிவு, இன்ன ஆண்டு, இன்ன இரவு என்பது ஒரு பதிவு. அதன்கீழ் வாத்தியார், வேடதாரர், தப்படித்தோர் பெயர்கள் அவரவர் இசைவு பெற்று வரவேண்டும். தப்படித்தோர் பெயரை விட்டுவிட்டுத் தலைவர் பெயரையும் நன்கொடையாளர் பெயரையும் அச்சிடும் பழக்கம் விழாமலர்களோடு நின்றுவிடுதல் நன்று. அடுத்து ஒலிப்பதிவு, அதன் எழுத்துவடிவம், காட்சி வரிசை. இரதியின் புலம்பலை மட்டும் கேட்க விரும்புவோர் பல தோட்டத்துப் புலம்பல்களையும் ஒரு பக்கத்திற் காணவும், ஒரு தோட்டத்தின் கூத்து ஆண்டுக்காண்டு மாறியவாற்றை ஆராய்வோர் அதனைத் தொடர்ந்து காணவும் இவ்வமைப்பு இடந்தரும். அச்சு நூலால் ஆகாத காரியம் இது. நூலுக்கு ஒரே வரிசைதான் உண்டு. தளத்திற்கு வேண்டுவோர் வேண்டும் வரிசை.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். கூத்துக்களைப் பதிப்பித்தல் முன்னரே நிகழ்ந்ததன்றோ? பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் அலங்காரரூபன் நாடகத்தையும் 1964இல் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தையும் பதிப்பித்தார். அவை அண்ணாவிமார் கையிற் கூத்துப் பிரதியாக வழங்கியவை. ஆதலின் பதிப்புமுறை பொருந்திற்று. மலையகத்தில் மடகொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் திரட்டி 1983இல் மலைநாட்டு மக்கள் பாடல்கள் என நூலாக்கினார். அதுவும் அரும்பணியே. ஆயின் பாடல் தனித்து நிற்கவல்லது. கூத்தோ ஆட்டமும் தாளமும் கூட்டமும் நீங்கின் பாதி உயிரிழந்துவிடும்.

எழுத்துவடிவம் ஆட்டவடிவத்தினின்று எவ்வளவு விலகும் என்பதற்குக் கொங்கு நாட்டிலிருந்து சான்றுண்டு. மலையகத்திலும் பொன்னர் சங்கர் கூத்தாக ஆடப்படும் அண்ணன்மார் கதையை 1965இல் பிரெண்டா பெக் என்னும் கனடிய மானிடவியலாளர் ஒலிநாடாவிற் பதிவுசெய்தார். அது பதினெட்டு இரவுகளில் ஏறத்தாழ 38 மணிநேரம் நீண்டது. அப்பாணரே சொல்ல எழுதிக்கொண்ட வடிவமொன்றும் அவரிடம் இருந்தது. அவையோர்முன் பாடியதும் எழுதுவோர்முன் சொன்னதும் ஒன்றாய் இல்லை. எது மூலம் என்று கேட்பது பொருளற்ற கேள்வி, இரண்டும் மூலமே. அந்நாடாக்கள் பழுதுறாது கிடைத்தமையாலேயே கதை பிற்காலத்தில் 26 பகுதிகள் கொண்ட இயங்குபடத் தொடராகவும் உருப்பெற முடிந்தது.

காமன் மரபு இவ்வுண்மையைத் தானே அறிந்துவைத்துள்ளது. தமிழ்நாட்டு லாவணிப் பாட்டிலே காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியும் விடியும்வரை வாதிடும். எக்கட்சி வென்றது எனத் தீர்ப்பெழுதிவிட்டால் அடுத்த ஆண்டு பாடுவதற்கு எதுவுமில்லை. பேழை அமைப்போர் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் கூற்றுக்களைத் திருத்தி ஒன்றாக்க முயன்றால் அத்தகைய தீர்ப்பையே எழுதியோராவர். பேச்சுவழக்கைச் செந்தமிழாக்குதலும் இக்குற்றத்தின்பாற்படும்.

இனி, காலமும் மழையும். அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பெருந்தெருவில், கித்துள்கலைக்கு அப்பால் உள்ள கினிகத்தேனை இலங்கையின் மிகுமழைப் புலத்தைச் சார்ந்தது. அதனை அடுத்த வட்டவளையில் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டர் அளவினது. தேயிலைக்கு அது வரம். லயத்து அறையில் அடுப்புக்கு மேலே செருகிவைத்த பாட்டுக் கொப்பிக்கோ கூற்று. ஒலிநாடாவிற் பூஞ்சணம் படர்வதற்கும் நெடுங்காலம் வேண்டியதில்லை. ஆதலின் இப்புலத்திலே எண்ணிமப் படியெடுத்தல் நாகரிக விருப்பமன்று, அவசரத் தேவை. கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் அடித்தல் திருத்தல் மறையாமற் படம்பிடித்தல் வேண்டும். ஒலியைச் சுருக்காத மூலக் கோப்பாக ஒருபால் வைத்து, கேட்போர்க்குச் சுருக்கிய படியை வழங்குதல் வேண்டும். மலைச்சரிவில் இணையத் தொடர்பு எல்லா இடத்தும் ஒரு சீராக இல்லை.

ஆயின் கணினியிற் புகுந்தவை யாவும் சாவாமை பெற்றன எனக் கருதுதல் பேதைமை. இலங்கையிற் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்புக்களை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்கு மாறாக ஆங்கில எழுத்துக் குழப்பமே தோன்றும். ஒருங்குறியில் எழுதுதல் இதனாற் கட்டாயமாகின்றது. அன்பர்கள் இலட்சக்கணக்கிற் பக்கம் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்னும் இணைய நகரை அதன் உரிமையாளரான யாகூ நிறுவனம் 2009இல் மூடியபோது, எவரும் படியெடுக்காதவை ஒருங்கே அழிந்தன. தனியொருவர் கட்டணம் செலுத்தி நடத்தும் தளம் அவர் ஆர்வத்தோடு முடிந்துவிடும். ஆகவே ஒரு படியேனும் பொதுநிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுதல் வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்க 2005இல் எழுந்த நூலகம் திட்டமும் தன்னார்வலர் உழைப்பால் நிலைத்தவை.

மலையகத்துக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றி 1974இல் முடிவாயிற்று. மக்களை எண்ணிக்கையாற் பங்கிட்டபோது கூத்துக் குழுக்களை எவரும் எண்ணவில்லை. ஒரே லயத்தில் இரதியாக ஆடியவர் ஒரு கரையிலும் மன்மதனாக ஆடியவர் மறு கரையிலும் ஆகும் நிலை உண்டாயிற்று. தாயகம் திரும்பியோர்க்கென நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.

எனவே கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கூத்துக்குப் பக்கம் அமைப்போர், அத்தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதி அமைதல் போதாது. அங்கிருந்து புறப்பட்டோர் எவ்வூர் சென்றனர் என்பதற்கும் ஓரிடம் ஒழித்துவைத்தல் வேண்டும். நீலகிரி முதியவர் ஒருவர் தம் நினைவிலுள்ள புலம்பலின் நான்கடியைக் கைபேசியிற் பாடி அனுப்பினாலும், அதற்குரிய கட்டம் அப்பக்கத்தில் வெறுமையாய்க் காத்திருக்கும்.