அடியில்லாத கிணறு

நம் வாகட் மண்ணுக்கு அடியில் எரிமலைப் பாறை. யாழ்ப்பாணத்திலோ சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதை அரித்துக் குகையாக்கும், கூரை இடிந்தால் பள்ளமாகும். புத்தூர் அருகேயுள்ள நிலாவரைக் கிணறு அப்படித் தோன்றியதே. இராமர் அம்பு எய்த இடம், அடியே இல்லை என்பார்கள். ஆழம் 100 அடிக்கு மேல். மேலே நல்ல தண்ணீர், கீழே உப்பு!

நல்ல நீர் எடை குறைவு, உப்புநீர்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி நிற்கும். அளவின்றி இறைத்து அந்த 1 அடி போனால், தோட்டம் பாழ்.

மெக்சிகோவின் யுகட்டானில் இத்தகைய பள்ளங்களில் காற்று உருளையுடன் மூழ்குகிறார்கள். 100 அடியில் அழுத்தம் 4 மடங்கு. காற்றும் அவ்வளவு வேகமாகத் தீரும். குகைக்குள் வழிக்கயிறு இன்றி மீள்வது அரிது.

யாழ்ப்பாணம் செல்லும் அன்பர்களே, நீச்சல் தெரிந்த பிள்ளையையும் அங்கே குதிக்க விடாதீர்கள்.