வாசல் திறந்த நாளும் வழித்துணை வந்த நாளும்

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் லகார்டியா சமுதாயக் கல்லூரி 1971இல் வகுப்புகளைத் தொடங்கியபோது, அதற்குக் கிடைத்தது ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம். போர்க்கப்பல் பீரங்கிகளைக் குறிபார்க்கும் கருவிகளைச் செய்துவந்த ஃபோர்டு இன்ஸ்ட்ருமெண்ட் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது அது. முதலில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 500 பேர். அதற்கு ஓராண்டு முன்பு பிராங்ஸில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட ஹோஸ்டோஸ் சமுதாயக் கல்லூரிக்கு வாய்த்தது ஒரு டயர் தொழிற்சாலை. ஆலைகள் காலிசெய்துவிட்டுப் போன கூடங்களில், உழைப்பாளிகளின் பிள்ளைகள் இரண்டாண்டுப் பட்டம் படிக்க உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்கு வாசல் தானாகத் திறக்கவில்லை. 1969 வசந்தத்தில் சிட்டி காலேஜில் கறுப்பின மாணவர்களும் புவெர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் வளாகத்தை மறித்துப் போராடினார்கள். அதன் விளைவாக, பள்ளியிறுதி முடித்த நகரவாசி எவருக்கும், இந்தக் கல்லூரிகள் எல்லாம் அடங்கிய நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதாவதொரு கல்லூரியில் இடம் உண்டு என்ற விதி 1970 இலையுதிர் பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. முந்தைய ஆண்டு ஏறக்குறைய 20,000 புதிய மாணவர்களைச் சேர்த்த பல்கலைக்கழகம் அந்த ஆண்டு ஏறக்குறைய 35,000 பேரைச் சேர்த்தது. முழுநேர மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணமும் இல்லை. அதன் முன்னோடியாக 1847இல் நிறுவப்பட்ட ஃப்ரீ அகாடமியிலிருந்து தொடர்ந்துவந்த வழக்கம் அது.

இன்று திரும்பிப் பார்த்தால், இலவசமும் இடமும் ஒருசேரக் கிடைத்த காலம் எவ்வளவு குறுகியது என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. நகரம் கடனில் மூழ்கியது. 1976இல் கட்டணம் வந்தது. ஏழைகளுக்கும் கதவு திறந்து ஆறே ஆண்டுகளில், 129 ஆண்டு வழக்கம் முடிந்துபோனது.

இடம் கிடைத்தவர்கள் எல்லோரும் பட்டம் வாங்கிவிடவும் இல்லை. பள்ளி சரியாகக் கற்றுத்தராத கணக்கையும் எழுத்தையும் முதலில் அடிப்படை வகுப்புகளில் படிக்க வேண்டியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை பட்டக் கணக்கில் சேரவில்லை. சிட்டி காலேஜில் அத்தகைய வகுப்பை நடத்திய மினா ஷாக்னெஸ்ஸி, மாணவர்கள் எழுதிய 4,000 கட்டுரைகளை வாசித்து, அவர்களுடைய பிழைகளிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அது அறியாமையின் அடையாளமன்று, கற்றலின் ஒரு கட்டம் என்று 1977இல் ஒரு நூலே எழுதினார். அவரைப் போன்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனால் வகுப்பறைக்கு வெளியே என்ன நடக்கிறது என்று கேட்க ஆளில்லை. வேலைநேரம் மாறியது, குழந்தைக்குக் காய்ச்சல், புத்தகத்துக்குக் காசில்லை; மாணவர் ஒரு பருவம் நின்றார், பிறகு வரவில்லை. பதிவேட்டில் ‘இடைநின்றவர்’ என்று ஆனார்.

அந்தப் பதிவேடு முழு உண்மையைச் சொல்லவில்லை. 1970க்கும் 1972க்கும் இடையில் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஏறக்குறைய 2,000 பெண்களை, 30 ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து விசாரித்தார்கள் பால் அட்டவெல், டேவிட் லாவின் என்ற இரு சமூகவியலாளர்கள். பத்தில் ஏழு பேர் எப்படியோ ஒரு பட்டம் பெற்றிருந்தார்கள். வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, மறுபடி வந்து, மறுபடி நின்று, பலர் நடுவயதில் படிப்பை முடித்திருந்தார்கள். இதைவிடப் பெரிய வெற்றியை நான் அறியேன். அதே சமயம், இருபது வயதில் கிடைத்திருக்க வேண்டிய சம்பளம் நாற்பதில் கிடைப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதையும் மறக்க முடியவில்லை.

மாற்றம் 2007இல் தொடங்கியது. ‘ஏசாப்’ என்ற பெயரில் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் புதிய பாடமுறை எதுவும் இல்லை. உதவித்தொகை போக மீதமுள்ள கட்டணத்தைக் கல்லூரி ஏற்கும். பாடப்புத்தகம் தரும். சுரங்க ரயிலுக்குப் பயண அட்டை தரும்; ஆலோசகரைச் சந்தித்தால்தான் அடுத்த அட்டை கிடைக்கும். வேலைக்குப் போக வசதியாக வகுப்புகளை அடுத்தடுத்து அமைக்கும். 1971இல் 30 சென்ட்டாக இருந்த ரயில் கட்டணம் 2023இல் 2 டாலர் 90 சென்ட் ஆகிவிட்ட ஊரில், பயண அட்டை சிறிய உதவியன்று. எல்லாவற்றையும்விட முக்கியம் ஆலோசகர். அப்போது மற்ற மாணவர்களில் 600 முதல் 1,500 பேருக்கு ஓர் ஆலோசகர் இருந்தார். ஏசாப்பில் 60 முதல் 80 பேருக்கு ஒருவர் இருந்தார்.

குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து மூன்றாண்டு ஒப்பிட்டபோது, திட்டத்துக்கு வெளியே இருந்தவர்களில் 22 விழுக்காட்டினரும் திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினரும் பட்டம் பெற்றிருந்தார்கள். மாணவருக்கு ஆன செலவு 60 விழுக்காடு கூடியது; ஆனால் பட்டம் பெற்ற ஒருவருக்கு ஆன செலவு என்று கணக்கிட்டால் குறைந்தே இருந்தது. இரு குழுக்களும் அதே ஏழ்மையிலிருந்து, அதே பள்ளிகளிலிருந்து வந்தவைதான். தடை மாணவரின் அறிவில் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். முதலில் ஆயிரத்துச் சொச்சம் பேருடன் தொடங்கிய திட்டம் பின்னர் ஆண்டுக்கு 25,000 பேர் வரை வளர்ந்தது. பட்டக் கணக்கில் சேராத தனி அடிப்படை வகுப்புகளும் 2023க்குள் நின்றுபோயின. இப்போது மாணவர் நேராகக் கல்லூரிப் பாடத்தில் சேர்ந்து, அதனுடனேயே கூடுதல் நேரம் உதவி பெறுகிறார்.

போன கட்டணமில்லாக் கல்வியும் ஒரு சிறு அளவில் திரும்பியிருக்கிறது. பட்டம் இல்லாத 25 முதல் 55 வயது வரையிலானவர்கள், ஆள் தேவை மிகுந்த சில துறைகளில் சேர்ந்தால், 2025 இலையுதிர் பருவம் முதல் நியூயார்க் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளில் கட்டணமின்றிப் படிக்கலாம். அந்த 1970களின் பெண்கள் நடுவயதில் சொந்தக் காசில் செய்ததை, இன்று அரசு செலவில் செய்ய வழி பிறந்திருக்கிறது.

ஆனாலும் ஏசாப்பில் சேர முழுநேரம் படிக்க வேண்டும். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரம் படிப்பவர்கள். பகலில் கடையிலும் மாலையில் வகுப்பிலும் நிற்கும் தாய்க்கு அந்த ஆலோசகரும் இல்லை, அந்த அட்டையும் இல்லை. தடைகளைத் தனியாகத் தாண்டி வந்தவர்களைப் பட்டமளிப்பு மேடையில் பாராட்டுவது எளிது. அதே துணையைப் பகுதிநேர மாணவர்களுக்கும் கொடுக்க வேண்டும். அவர்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை.