நிறுத்திக் கேட்கும் விரிவுரை

விரிவுரை மண்டபத்திலே எழுந்து நின்று, "சேர், அதை இன்னொருமுறை சொல்லுங்கோ" என்று கேட்கத் துணியும் மாணவர் நம்மவருள் மிகச் சிலரே. யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் மருத்துவ, விஞ்ஞான, பொறியியற் பீடங்களிலே புதிதாகச் சேர்வோருக்கு இத்தயக்கம் இரட்டிப்பாகும். உயர்தரப் பரீட்சை வரை தமிழிலே பயின்ற பலர், அங்கே ஆங்கிலத்திற் பாடங் கேட்க வேண்டியிருக்கின்றது. ஒரு சொல்லின் கருத்தை யோசித்து முடிப்பதற்குள் மூன்று வசனங்கள் கடந்து போய்விடுகின்றன.

இத்தகையோருக்கு வாய்த்த மலிவான துணையே திரைப்பதிவு என்பது. கணினித் திரையிலே தோன்றுவதையும் ஆசிரியரின் குரலையும் ஒருங்கே பதிந்து வைப்பதற்கு இப்பெயர். படப்பிடிப்பாளரும் வேண்டா, விளக்கொளியும் வேண்டா. மடிக்கணினி ஒன்றும், ஒலிவாங்கி பொருந்திய ஹெட்செற் ஒன்றும் போதும். பதிவு செய்யும் ஓ.பி.எஸ். ஸ்ரூடியோ என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. ஓர் அனுகூலமும் உண்டு. அசையாத எழுத்துக்களையும் படங்களையும் கொண்ட திரையிலே, மாறும் பகுதியை மட்டும் கணினி சேமித்தாற் போதுமாகையால், ஆள் நடமாடும் வீடியோவிலும் பார்க்க இப்பதிவு மிகச் சிறியதாய் அமையும். டேற்றாவுக்குப் பணங் கட்டும் பெற்றோர் இதன் அருமையை அறிவர்.

அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர், வேறு நகரத்திலிருந்த தம் மைத்துனி முறைச் சிறுமிக்கு 2004-இல் தொலைபேசி வழியே கணக்குச் சொல்லிக் கொடுத்தார். 2006-இல் அப்பாடங்களைத் திரைப்பதிவுகளாக யூடியூப்பில் இட்டார். நேரிற் பேசும் கானிலும் பதிவிற் பேசும் கானே தங்களுக்குப் பிடித்திருப்பதாக உறவுப் பிள்ளைகள் கூறினராம்! வெட்கமின்றி நிறுத்தலாம், பத்துத் தரம் திருப்பிக் கேட்கலாம் அல்லவா?

இனி, நம் மண்ணின் பழங்கதை ஒன்றை நினைவு கூர்வோம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860-களிலே தமிழுக்கு மாறினார். அங்காதிபாதம், இரண வைத்தியம், இரசாயனம் முதலியவற்றில் நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களையும் ஆக்குவித்தார். இன்றைய பீடங்களின் மொழியை மாற்றுவது பெரிய விவகாரம். அதனுள் நாம் புகவில்லை. ஆயினும் ஆங்கில விரிவுரைக்கு முதல்நாள், அதில் வரும் பதங்களைத் தமிழில் விளக்கும் சிறு பதிவொன்றை ஆசிரியர் கொடுப்பாராயின், கிறீன் தொட்ட பணியின் ஒரு துளி அதிலே தொடரும் என்பது எமது துணிபு.

பதிவு நீளலாகாது. எட்எக்ஸ் நிறுவனத்தின் பாடங்களை மாணவர் பார்த்த 69 இலட்சம் தடவைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வொன்று, அவர்கள் ஈடுபட்டுப் பார்ப்பது ஏறக்குறைய ஆறு நிமிடமே என்று கண்டது. அச்சிட்ட பக்கங்களைக் காட்டி வாசிப்பதிலும், கையால் எழுதியபடியே விளக்குவது மாணவரைக் கூடுதலாக ஈர்த்ததாம். நமது கரும்பலகை ஆசான்கள் இதைக் கேட்டு மகிழ்வார்கள்.

2020-இல் கொரோனா பல்கலைக் கழகங்களை மூடியபோது, 'லேர்ண்' எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் உதவியோடு ஸூம் வழியே வகுப்புகள் நடைபெற்றன. நேரடி வகுப்புக்கு மின்சாரமும் அலையும் குறித்த நேரத்தில் இருந்தாக வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டதை யார் மறப்பார்? பதிவோ, மின்சாரம் வரும்வரை காத்திருக்கும். ஒருமுறை இறக்கி வைத்தால் அலை இல்லாத இடத்திலும் பேசும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு பிள்ளை ஒரே இடத்தை ஐந்து தரம் ஓடவிட்டால், "படம் பார்க்கிறாய்" என்று ஏசிவிடாதீர்கள், பாடமாயும் இருக்கலாம். வீட்டிலே விரிவுரையாளர் ஒருவர் இருப்பின், அவர் பதிவு செய்யும் பத்து நிமிடத்துக்கு மின்விசிறியை நிறுத்தி, குசினியில் தேங்காய் துருவுவதையும் சற்றே தள்ளிப் போடுங்கள். பாண் வண்டியின் சங்கீதத்தைத் தடுக்க எம்மிடம் உபாயம் எதுவும் இல்லை. அது போனபின் தொடங்குவதே உத்தமம்.