ஓர் அடினின் போனால்

1993 ஜனவரியில், அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவமனைகளுக்கு இரத்தப்பேதியோடு குழந்தைகள் அடுத்தடுத்து வரத் தொடங்கினார்கள். ‘ஜாக் இன் தி பாக்ஸ்’ உணவகங்களின் அரைவேக்காட்டு மாட்டிறைச்சி பர்கர்தான் காரணம். 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். கிருமியின் பெயர் ஈ.கோலை ஓ157:எச்7.

குடலில் தங்கும் இந்தக் கிருமி பொதுவாக இரத்தத்துக்குள் நுழைவதில்லை. ஆனாலும் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கிறது. வேலையைச் செய்வது அது சுரக்கும் ஷிகா நச்சு. இரத்தத்தில் பயணிக்கும் நச்சு, சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்ச் சுவரில் தனக்கேற்ற பற்றிடத்தைக் கண்டு ஒட்டி, செல்லுக்குள் போகிறது. அங்கே புரதம் தயாரிக்கும் ரைபோசோமிலிருந்து அடினின் என்ற ஒரே ஒரு சிறு மூலக்கூறை நீக்குகிறது. அத்தனை பெரிய அமைப்பில் அது ஒன்று போனால் போதும், புரதத் தயாரிப்பு நின்றுவிடும். ஆமணக்கு விதையின் ரிசின் நஞ்சும் அதே அடினினைத்தான் நீக்குகிறது!

சுவர் புண்ணானதும் குழாய்க்குள் இரத்தம் உறைகிறது. அந்த நெருக்கடியில் புகுந்து வரும் சிவப்பணுக்கள் கிழிபடுகின்றன. குழந்தையின் ஒரு சொட்டு இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், வட்டமாக இருக்க வேண்டியவை முக்கோணமாக, தலைக்கவச வடிவில், துண்டுதுண்டாகக் கிடக்கும். தட்டணுக்கள் குறைந்திருக்கும், சிறுநீரும் குறையும்.

என்னை அதிகம் வியக்க வைப்பது, நச்சுக்கான மரபணு அந்தக் கிருமிக்குச் சொந்தமானதே அல்ல என்பது. பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் கொண்டுவந்து வைத்தது. சில ஆன்டிபயாடிக்குகள் கிருமியின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும்போது, உறங்கும் வைரஸ் விழித்துப் பெருகி, கிருமியை வெடிக்கச் செய்து நச்சைக் கொட்டுகிறது. அதனால்தான் இந்த ஈ.கோலைக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். ஷிகெல்லா என்ற வேறொரு கிருமியால் வரும் சீதபேதியில் நிலைமை வேறு: அங்கே ஆன்டிபயாடிக் அவசியம். அந்தச் சீதபேதியைத் தொடர்ந்து தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இதே சிறுநீரகப் பாதிப்பு வந்ததை வேலூர் மருத்துவர்கள் 1978-இல் பதிவு செய்தார்கள். எனவே எந்தக் கிருமி என்று தெரியாமல், மலப் பரிசோதனைக்கு முன் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பது ஆபத்து.

பேதி தொடங்கி ஒரு வாரம் ஆகி, அது அடங்கிவிட்டதென்று வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில்தான் குழந்தை வெளிறும், சோர்ந்து விழும், சிறுநீர் கழிக்காமல் இருக்கும். அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. நச்சை முறிக்க நிரூபணமான மருந்து இன்னும் இல்லை. தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து, சிறுநீரகம் தானாகத் தேறும்வரை காக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து எழுகிறார்கள். ஆனால் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் தலைகாட்டலாம் என்பதால், வீடு திரும்பிய பிறகும் இவ்விரண்டையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.